கண்மாய் நிறைந்திருக்கிறது, ஆழ்துளைக் கிணறு வறண்டிருக்கிறது: காரணம் என்ன?

மேலூர் ஒருபோகம் | ஜனவரி 9

அனைவருக்கும் வணக்கம். மேலூர்ப் பக்கத்தில், பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் (ஆண்டுக்கு ஒரு விளைச்சல்) பாசனப் பகுதியில், எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சையும் கண்மாய்க் கரைக்குத் தெற்கே கொஞ்சம் புஞ்சையும் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்கள் கண்மாய் நிறைந்து, மிகுநீர் வழியும் மறுகால் போயிற்று. ஏறத்தாழ நூறு ஏக்கர் நீர்ப்பரப்பு இப்போதும் ததும்பி நிற்கிறது. கண்மாய் நீர் பாயும் ஆயக்கட்டு நிலத்துக்குள் இருக்கும் என் தகப்பனார் காலத்துத் திறந்த கிணற்றின் ஆழம் 32 அடி. கயிறு இல்லாமல் குடத்தில் மொள்ளும் அளவுக்கு அதில் நீர் ஏறியிருக்கிறது. ஆனால் கரையிலிருந்து இருநூறு மீட்டர் தள்ளிப் புஞ்சையில் போட்ட 480 அடி ஆழ்துளைக் கிணறு இருபது நிமிடம் ஓடியதும் காற்றைத்தான் தள்ளுகிறது. அதற்கு 60 அடிக்குக் கேசிங் குழாய் இறக்கியிருக்கிறோம்.

கண்மாயைப் பத்தடி ஆழத்துக்கு இயந்திரம் கொண்டு தோண்டினால் எல்லா ஆழ்துளைக் கிணறுகளும் ஊறிவிடும் என்று ஊரில் பேசி, அதற்கான மனுவில் கையெழுத்து வாங்கி வருகிறார்கள். நான் இன்னும் கையெழுத்து இடவில்லை. ஊருக்கு எதிராக நிற்பது என் நோக்கமன்று. நிறைந்த கண்மாய்க்குப் பக்கத்தில் ஒரு துளை வறண்டு கிடப்பதற்கான காரணத்தை அறியாமல் கண்மாயின் வயிற்றைக் கிழிக்கச் சம்மதிக்க எனக்கு மனம் வரவில்லை. நிலவியலும் நீரியலும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பாறைப்படிவம் | ஜனவரி 9

ஐயா, உங்கள் கேள்விக்கான பாதி விடை நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட அந்த 60 அடிக் கேசிங் குழாயில் இருக்கிறது.

நான் கல்லூரியில் நிலவியல் கற்பிப்பவன். மதுரையும் அதைச் சுற்றியுள்ள நாடும் சார்னோக்கைட், நைஸ் முதலான மிகப் பழைய உருமாற்றப் பாறைகளின் மேல் அமைந்தவை. யானைமலையாக வெளியே எழுந்து நிற்பதும் உங்கள் வயலுக்கு அடியில் கிடப்பதும் ஒரே பாறைக் குடும்பம்தான். ஆற்றுமணலுக்குள் நீர் தங்க இடம் இருப்பதைப்போல இப்பாறைக்குள் இடம் இல்லை. நீர் தங்குவதெல்லாம் பாறை சிதைந்து பொடிந்துபோன மேலடுக்கிலும், அதற்குக் கீழே ஆங்காங்கே ஓடும் பிளவுகளிலும் மட்டுமே. கிணறு வெட்டுபவர்கள் மேலே செம்மண், பிறகு சுக்கான் அல்லது சரளை, பிறகு பொடிப்பாறை, அதன்பின் கல் என்று வரிசையாகச் சொல்வார்கள். நாங்கள் வகுப்பறையில் வரையும் குறுக்குவெட்டுப் படமும் அதேதான். பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் நீரோடு வினைபுரிந்து களிமண்ணாகிறது, குவார்ட்ஸ் என்னும் கனிமம் கரையாமல் மணலாக நிற்கிறது, இரண்டும் கலந்த அந்தப் பொடிப்பாறைதான் நம் ஊர்களின் தண்ணீர்த் தொட்டி.

உங்கள் தகப்பனார் காலத்துக் கிணறு அந்தத் தொட்டிக்குள்ளேயே நிற்கிறது. ஆழ்துளை போடுபவரோ மண் சரிந்து துளை மூடிவிடக் கூடாது என்பதற்காகக் கெட்டிப்பாறை தட்டுப்படும் வரை கேசிங்கை இறக்கிவிடுகிறார். அதாவது கண்மாய் நீர் வந்து நிற்கும் அடுக்கு முழுவதையும் அந்தக் குழாய் உங்கள் மோட்டாருக்கு எட்டாமல் மறைத்துவிடுகிறது. எஞ்சிய 420 அடியும் பிளவுகளை மட்டுமே நம்பியிருக்கிறது. கண்மாய் நீர் பொடிப்பாறையிலிருந்து ஒரு பிளவுக்குள் இறங்கி, அந்தப் பிளவு 60 அடிக்குக் கீழே உங்கள் துளையை வெட்டிச் சென்றால்தான் துளைக்குள் நீர் சேரும். துளையின் அகலமோ ஆறரை அங்குலம். ஒரு முழம் தள்ளி ஓடும் பிளவைக்கூட அது சந்திக்காமல் போகலாம். இடையில் சுவர்போல நிற்கும் பாறைத்தாரை ஒன்று இருந்தால், கரைக்கு அருகில் இருந்தும் பயனில்லை.

ஓர் அளவையும் சொல்லிவிடுகிறேன். நிலத்தடி நீரை மதிப்பிடுவதற்காக மத்திய அரசின் குழு 2015இல் வகுத்த நெறிமுறையின்படி, களிமண் குறைவாக உள்ள சிதைந்த நைஸ் பாறை தன் கனஅளவில் 3 விழுக்காடு நீரைத் தரும். களிமண் மிகுந்திருந்தால் 1.5 விழுக்காடு. பிளவுகள் குறைந்த கெட்டிப்பாறையோ 0.3 விழுக்காடுதான். மேலடுக்கில் ஒன்று இருந்தால் அடியில் பத்தில் ஒன்றுதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் போகப் போக நீர் பெருகும் என்ற நம்பிக்கை நம் பாறைக்குப் பொருந்தவே பொருந்தாது.

கரிசல்காடு | ஜனவரி 10

விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆயினும் என் அனுபவம் வேறு. நான் திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல் நிலத்துக்காரன். எங்கள் கண்மாயில் சில ஆண்டுகளுக்கு முன் குடிமராமத்துப் பணியில் வண்டல் எடுத்தோம். வண்டிவண்டியாக அந்த மண்ணைப் புஞ்சைக்கு அடித்தோம். அடுத்த மழைக்குக் கரையடிக் கிணறுகளில் நீர் ஏறியதை என் கண்ணால் கண்டேன். மேலும், ஆழமான நீரும் ஆழமற்ற நீரும் வெயிலில் ஒரே அளவுக்குத்தானே வற்றும்? முழங்கால் அளவு நூறு ஏக்கரில் பரந்து கிடக்கும் நீர் பங்குனிக்குள் ஆவியாகிப் போய்விடுகிறது. அதே நீரை இருபது ஏக்கரில் ஆழமாகத் தேக்கினால் ஆடி வரை நிற்கும். மேலூர் அண்ணன் கையெழுத்து இடுவதே நல்லது என்பது என் கருத்து.

மடைக்குமிழி | ஜனவரி 10

கரிசல்காடு தம்பி சொல்லும் இரண்டுமே உண்மை. ஆனால் அவற்றிலிருந்து பத்தடி தோண்டலாம் என்ற முடிவு வராது. பாசனப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் ஆவியாதல். தை முதல் வைகாசி வரை நம் பகுதியில் திறந்த நீர்ப்பரப்பு நாளொன்றுக்குச் சராசரியாக 5 அல்லது 6 மில்லிமீட்டர் இழக்கும் என்று கொண்டால், 150 நாளில் அது முக்கால் மீட்டரைத் தாண்டிவிடும். ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள கண்மாயில் பாதி அதிலேயே போய்விடும். ஆகவே ஆழம் நீரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை.

இனி மடையைப் பாருங்கள். கண்மாய் என்பது நீரைச் சேர்த்து வைக்கும் தொட்டி மட்டுமன்று. மேட்டிலிருக்கும் நீரைத் தானாகவே வயலுக்கு இறக்கிவிடும் அமைப்பு அது. மடையின் அடிமட்டம் எந்த உயரத்தில் இருக்கிறதோ அதற்குக் கீழே உள்ள நீர் ஒரு சொட்டுக்கூடத் தானாக வயலுக்குப் பாயாது. மடைமட்டத்துக்கு மேலே பல காலமாகப் படிந்த வண்டலை அகற்றினால் பாசன நீர் கூடும். மடைமட்டத்துக்குக் கீழே தோண்டும் ஒவ்வோர் அடியும் மோட்டார் வைத்திருப்பவருக்குப் பயன்படலாம், மாட்டுக்கும் மீனுக்கும் பயன்படலாம், கடைமடை விவசாயிக்குப் பயன்படாது. பள்ளமாகிவிட்ட கண்மாயில் சிறுமழை நீர் முழுவதும் பள்ளத்திலேயே தங்கிவிடும், மடைவாய்க்கு ஏறாது. நான் பணியிலிருந்த காலத்தில் இப்படித் தோண்டப்பட்ட ஒரு கண்மாயில், பாதிக்கு மேல் நீர் இருந்தும் மடையைத் திறந்தால் காற்று வந்ததைப் பார்த்து அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இயந்திரக்காரர்கள் தூரம் குறையட்டும் என்று கரையின் அடியிலேயே மண் எடுப்பார்கள். அது கரையின் காலை வெட்டுவதற்குச் சமம். நீரழுத்தம் கூடும் நாளில், ஒரு நண்டு வளை போதும், நீர் உள்ளரித்துக் கரையைக் கொண்டுபோய்விடும். எவ்வளவு தோண்டினாலும் கரையை விட்டு நன்றாகத் தள்ளித் தோண்டுங்கள்.

வைகை வடகரை | ஜனவரி 10

ஆவியாதலைத் தடுக்க நீரின் மேல் ஏதேனும் மிதக்கவிட முடியாதா?

மடைக்குமிழி | ஜனவரி 11

கொள்கை அளவில் முடியும். 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டபோது காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது. பிணைப்பும் எடையும் இல்லாத எதுவும் திறந்த நீர்ப்பரப்பில் நிற்காது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் நீர்த்தேக்கம் ஒன்றில் 2015இல் 9.6 கோடிக் கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். உள்ளே சிறிது நீர் நிரப்பியிருந்ததால் அவை பறக்கவில்லை. அங்கும் முதல் நோக்கம் வெயில் பட்டு நீரில் புரோமேட் என்னும் நச்சு உருவாவதைத் தடுப்பதுதான். மாடு குளிக்கும், கொக்கு இறங்கும் கண்மாய்க்கு அது ஏற்றதன்று.

மேலூர் ஐயாவுக்கு ஒன்று சொல்கிறேன். நாம் எல்லோரும் பொதுவாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கண்மாய் நீர் எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது என்பதை நீங்களே அளந்துவிடலாம். மடைகள் அடைத்திருக்கும் இரண்டு வாரம் போதும். நேரான கம்பு ஒன்றில் மில்லிமீட்டர் குறித்து, அலையடிக்காத மூலையில் அசையாமல் ஊன்றுங்கள். ஓர் இரும்புப் பீப்பாயைப் பாதியாக வெட்டி, விளிம்பு ஒரு சாண் மட்டும் வெளியே தெரியும்படி திறந்த வெளியில் மண்ணில் புதைத்து, கண்மாய் நீரையே ஊற்றி, காக்கையும் ஆடும் குடிக்காதபடி கம்பி வலை போட்டு மூடுங்கள். இரண்டையும் நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஒரே ஆள் பார்த்து எழுத வேண்டும். சிறிய பாத்திரம் விரைவில் சூடேறுவதால் பெரிய நீர்நிலையைவிட அதிகம் இழக்கும். ஆகவே பீப்பாயில் இறங்கிய அளவில் பத்தில் எட்டுப் பங்கைக் கண்மாயின் ஆவியாதல் என்று கொள்ளுங்கள். கண்மாயில் இறங்கிய அளவிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது மண்ணுக்குள் போன நீர்.

மேலூர் ஒருபோகம் | ஜனவரி 11

மிக்க நன்றி ஐயா. நாளை காலையே தொடங்குகிறேன். பேரன் விடுமுறையில் வந்திருக்கிறான், அவன் எழுதுவான்.

அயிரை | ஜனவரி 13

தாமதமாக வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நன்னீர் மீன்களையும் சதுப்புநிலங்களையும் ஆய்வு செய்பவள். இதுவரை நடந்த உரையாடலில் வண்டல் என்பது அகற்ற வேண்டிய மண் என்றும், கரிசல்காடு அண்ணன் சொன்னதுபோல் வயலுக்கான எரு என்றும் மட்டுமே பேசப்பட்டிருக்கிறது. அது உயிருள்ள பொருளும் ஆகும் என்பதை எடுத்துச்சொல்ல விரும்புகிறேன்.

கோடையில் கண்மாய் வற்றி, தரை பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும்போது அதில் ஒன்றும் இல்லை என்றே தோன்றும். அந்தப் பாளத்தில் ஒரு கையளவு பெயர்த்துக்கொண்டு வாருங்கள். வெள்ளைப் பாத்திரத்தில் இட்டு மழைநீர் ஊற்றி, நிழலில் வைத்து, நாள்தோறும் பாருங்கள். முதல் இரண்டு நாள் கலங்கல்தான். நான்காம் ஐந்தாம் நாளில் கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்கும் புள்ளிகள் துள்ளித் துள்ளி நீந்தத் தொடங்கும். அவை நீர்த்தெள்ளுகளும் அவற்றின் இனத்து மிதவை உயிர்களும். நீர் வற்றும் காலம் வருவதை உணர்ந்து, தாய் உயிர்கள் கெட்டியான ஓடு கொண்ட உறங்கு முட்டைகளை இட்டுவிட்டு மடிகின்றன. அம்முட்டைகள் மேல்வண்டலில் பல ஆண்டுகள், சில இனங்களில் பல பத்தாண்டுகள்கூட, உயிர் மாறாமல் கிடக்கும். நீர் வந்ததும் பொரிக்கும். மறுகால் நீரை எதிர்த்து ஏறிவரும் கெண்டைக் குஞ்சும், கால்வாய் நீரோடு வரும் அயிரையும் முதலில் தின்பது இவற்றைத்தான். வண்டலில் முட்டை இல்லையென்றால் புதுநீரில் குஞ்சுகளுக்கு உணவில்லை.

நத்தைகளும் அப்படியே. நம் கண்மாய்களின் ஆப்பிள் நத்தை, ஓட்டின் வாயை மூடிபோட்டு அடைத்துக்கொண்டு, சேற்றுக்குள் புதைந்து, கோடை முழுவதும் உறங்கும். விரால்கூட ஈரச் சேற்றுக்குள் புகுந்து காற்றைச் சுவாசித்துக்கொண்டே நீருக்காகக் காத்திருக்கக்கூடியது. அல்லிக் கிழங்கும் கொட்டிக் கிழங்கும் அங்கேதான் கிடக்கின்றன. நத்தைகுத்தி நாரை உங்கள் கண்மாய்க்கு வருகிறதென்றால் சென்ற கோடையில் அந்தச் சேறு கலையாமல் கிடந்தது என்று பொருள். இயந்திரம் ஒரே கோடையில் கண்மாய் முழுவதையும் சரளை தெரியும் வரை வழித்துவிட்டால், மேலே ஒரு சாணில் இருந்த இந்தச் சேமிப்பு முழுவதும் லாரியில் ஏறிப் போய்விடும். நீர் வரும், அந்த நீர் பல ஆண்டுகளுக்கு வெறுமையாகக் கிடக்கும்.

பறவைகளுக்கு ஆழமும் ஒத்துவராது. கொக்கும் நாரையும் முழங்கால் நீரில் நடந்து இரை தேடுபவை. கரிசல்காடு அண்ணன் வீண் என்று சொன்ன அந்த ஆழமற்ற பரப்புதான் அவற்றின் சோற்றுத் தட்டு. திருப்பத்தூர் அருகே வேட்டங்குடியில், கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டிருக்கிறார்கள். அந்தப் பறவைகள் அங்கே தங்கக் காரணம் கூடு கட்டக் கண்மாய்க்குள் மரங்களும், இரை தேடச் சுற்றிலும் ஆழமற்ற நீரும் இருப்பதே. உங்கள் கண்மாயின் நீர்ப்பிடிப்பில் நாட்டுக் கருவேல மரங்கள் இருந்தால் அவற்றைச் சீமைக் கருவேலத்தோடு சேர்த்து வெட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோண்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆண்டில் முழுவதையும் வழிக்காமல், பகுதி பகுதியாக எடுத்து, கால்பங்குத் தரையையாவது தொடாமல் விடுங்கள். அங்கிருந்து மற்ற இடங்களுக்கு உயிர் பரவிக்கொள்ளும்.

கரிசல்காடு | ஜனவரி 14

பொங்கல் வாழ்த்துகள். அயிரை தங்கை எழுதியதை எங்கள் வீட்டில் உரக்கப் படித்துக்காட்டினேன். என் தாயார், நீர் வற்றி ஊரே மீன்பிடிக்க இறங்கும் நாளில் ஊத்தாக் கூடையைக் கவிழ்த்தால் உள்ளே விரால் முட்டும் சத்தம் கேட்குமென்றும், குடிமராமத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டுகள் மீன்பிடித் திருவிழாவில் ஜிலேபிக் கெண்டையைத் தவிர எதுவும் அகப்படவில்லையென்றும் சொன்னார். அப்போது நாங்கள் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

எனக்கு இன்னொரு கவலை இருக்கிறது. எங்கள் ஆழ்துளை நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது ஃபுளோரைடு லிட்டருக்கு 2.1 மில்லிகிராம் என்று வந்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கோடுகள் தெரிகின்றன. திறந்த கிணற்று நீரில் அது 0.8தான் இருந்தது. ஒரே ஊர், ஒரே மண். ஏன் இந்த வேறுபாடு? கண்மாய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பாறைப்படிவம் | ஜனவரி 14

நேரடியான தொடர்பு உண்டு. குடிநீரில் ஃபுளோரைடு 1.0 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதும், வேறு வழியே இல்லாதபோது 1.5 வரை ஏற்கலாம் என்பதும் இந்தியத் தர நிர்ணயம். உங்கள் ஆழ்துளை அதைத் தாண்டிவிட்டது. அந்த நீரைப் பிள்ளைகளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் கொடுப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டுவதால் அது செறிவாகத்தான் செய்யும்.

ஃபுளோரைடு எந்த ஆலையிலிருந்தும் வரவில்லை. பாறையிலுள்ள பயோடைட், ஹார்ன்பிளெண்டு, அபடைட் ஆகிய கனிமங்களில் அது பிணைந்திருக்கிறது. நீர் பாறையோடு எவ்வளவு நெடுங்காலம் ஒட்டிக் கிடக்கிறதோ அவ்வளவுக்கு அது கரைந்து வெளிவருகிறது. பொதுவாக நீரிலுள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்து வீழ்படிவாக்கிவிடும். ஆனால் நம்மைப் போன்ற வறண்ட வெப்பநிலத்தில் கால்சியம் முன்கூட்டியே சுண்ணாம்பாகப் படிந்துவிடுகிறது. கிணறு வெட்டும்போது வெள்ளை வெள்ளையாக வரும் சுக்கான் கல் அதுதான். கால்சியத்தை இழந்து, சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்து, காரத்தன்மை ஏறிய நீரில் ஃபுளோரைடைத் தடுக்க ஆளில்லை. ஆழ்துளையின் பிளவுகளில் கிடப்பது அத்தகைய பழைய நீர். உங்கள் திறந்த கிணற்றில் இருப்பது ஆண்டுதோறும் கண்மாயும் மழையும் புதுப்பிக்கும் இளைய நீர்.

மேலூர் ஒருபோகம் | ஜனவரி 27

ஜனவரி 12 காலை முதல் 26 காலை வரை பதினான்கு நாள் கணக்கு இதோ. அறுவடை நெருங்கியதால் மடைகள் அடைத்தே இருந்தன. மழை ஒரு துளியும் இல்லை. ஐந்தாம் நாள் எருமை ஒன்று கம்பில் உரசிச் சாய்த்துவிட்டது. பேரன் அருகிலிருந்த பாறையில் முதல் நாளே கரிக்கோடு போட்டு வைத்திருந்ததால் கணக்கு கெடாமல் தப்பியது.

கண்மாய் இறங்கியது 110 மில்லிமீட்டர். பீப்பாய் இறங்கியது 63 மில்லிமீட்டர்.

நீரின் உப்பளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றும் வாங்கி அளந்தேன். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் கண்மாய் நீர் 190. திறந்த கிணறு 510. ஆழ்துளை 1,830. சென்ற செப்டம்பரில், மழைக்கு முன், குடிநீர் வடிகட்டி விற்க வந்தவர் அளந்த சீட்டில் கிணறு 880 என்றும் ஆழ்துளை 1,840 என்றும் இருக்கிறது.

மடைக்குமிழி | ஜனவரி 27

அருமையாகச் செய்திருக்கிறீர்கள், பேரனுக்கு என் ஆசிகள். 63இல் பத்தில் எட்டுப் பங்கு என்றால் ஆவியானது சுமார் 50. மிஞ்சிய 60 மில்லிமீட்டர் பதினான்கு நாளில் தரைக்குள் போயிருக்கிறது. நாளுக்கு 4.3 வருகிறது. நிலத்தடி நீர் மதிப்பீட்டு நெறிமுறையில் கண்மாய், குளங்களுக்கு வைத்துக்கொள்ளும் பொதுவான அளவு நாளுக்கு 1.4 மில்லிமீட்டர்தான். உங்கள் அளவில் கரை வழியாகக் கசிந்து வயலில் ஊறுவதும் சேர்ந்திருக்கும். மூன்று ஆண்டு காய்ந்து வெடித்த தரை முதல் ஆண்டில் கூடுதலாகக் குடிக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அப்படியே கழித்தாலும், உங்கள் கண்மாய் அடைபட்டுப்போன கண்மாய் அன்று. ஊறவைக்கும் வேலையை அது இப்போதே செய்துகொண்டிருக்கிறது.

பாறைப்படிவம் | ஜனவரி 28

அந்த 4.3 மில்லிமீட்டர் சிறிதாகத் தோன்றலாம். நூறு ஏக்கர் பரப்பில் அது நாளுக்கு 17 லட்சம் லிட்டர். கரைக்குக் கீழே 250 ஏக்கர் நிலத்தில், 2 விழுக்காடு நீர் தரும் பொடிப்பாறையில் அது பரவுவதாகக் கொண்டால், ஒரு நாளிலேயே நீர்மட்டத்தை எட்டு சென்டிமீட்டருக்கு மேல் உயர்த்தப் போதுமானது. நீர் பள்ளம் நோக்கி ஓடையில் வடிந்துகொண்டே இருப்பதால் அவ்வளவும் தேங்கி நிற்காது. ஆயினும் உங்கள் திறந்த கிணறு குடத்தில் மொள்ளும் உயரத்துக்கு வந்ததன் கணக்கு இதுதான்.

டிடிஎஸ் அளவுகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. கிணறு 880இலிருந்து 510க்கு இறங்கியிருக்கிறது. பழைய கிணற்று நீரோடு 190 உள்ள கண்மாய் நீர் கலந்தது என்று மட்டும் கொண்டால், இப்போது அதில் பாதிக்குச் சற்று மேல் கண்மாய் நீர். ஆழ்துளையில் மாற்றமே இல்லை. இதுவரை கண்மாய் அந்தத் துளையை எட்டவில்லை என்பதற்கு இது வலுவான அறிகுறி. பத்தடி தோண்டினாலும் இந்த நிலை மாறும் என்று நம்ப எனக்குக் காரணம் ஏதும் தெரியவில்லை.

கிணற்றுக்குள் வந்தது கண்மாய் நீரா, வயலில் பெய்த மழையா என்று பிரித்தறியவும் வழி இருக்கிறது. நீர் ஆவியாகும்போது எடை குறைந்த மூலக்கூறுகள் முந்திக்கொண்டு போய்விடும். எடை மிகுந்த ஆக்சிஜன் 18, டியூட்டிரியம் கொண்டவை பின்தங்கி நிற்கும். ஆகவே வெயிலில் கிடந்த கண்மாய் நீருக்கு ஒரு தனி முத்திரை விழுந்துவிடுகிறது. மழையில் நேரே மண்ணுக்குள் இறங்கிய நீருக்கு அது இல்லை. மார்ச்சில் அந்த முத்திரை நன்கு தெரியும். மாதிரி எடுத்துக் கொடுத்தால், ஆய்வகத்தில் அளக்க என் மாணவர்கள் ஏற்பாடு செய்வார்கள்.

கரிசல்காடு | ஜனவரி 29

என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். கையெழுத்து இடச் சொன்னது அவசரம். ஆனால் கோடையில் மாட்டுக்குத் தண்ணீர் வேண்டும் என்பது மாறவில்லை. கண்மாய்க்குள் ஒரு மூலையில் மட்டும் ஆழமாகக் குட்டை வெட்டினால் என்ன?

மடைக்குமிழி | ஜனவரி 29

வெட்டலாம். கரையை விட்டுத் தள்ளி, மடைக்கு நீர் வரும் வழியை மறிக்காமல், மாடு இறங்கி ஏறும் சரிவோடு வெட்டுங்கள். எஞ்சிய இடத்தில் மடைமட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை மட்டும் எடுங்கள். மனுவில் பத்தடி என்பதற்குப் பதிலாக மடையின் அடிமட்டம் வரை என்று எழுதச் சொல்லுங்கள், மேலூர் ஐயா. அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

அயிரை | ஜனவரி 30

குட்டை மீன்களுக்கும் கோடைப் புகலிடமாகும், நல்ல யோசனை. அதில் யாரேனும் ஆப்பிரிக்கத் தேளி மீனைக் கொண்டுவந்து விடாமல் ஊரில் சொல்லி வையுங்கள். வளர்ப்பதற்குத் தடைசெய்யப்பட்ட இனம் அது. புகுந்துவிட்டால் விரால் குஞ்சையும் அயிரையையும் மிச்சம் வைக்காது.

மேலூர் ஒருபோகம் | பிப்ரவரி 3

நேற்று ஊர்க்கூட்டத்தில் பேரனின் நோட்டை அப்படியே வைத்துப் பேசினேன். மடையின் அடிமட்டம் வரை என்ற திருத்தத்தைப் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். தெற்குத் தெருவில் ஆழ்துளை வைத்திருக்கும் நால்வர் ஏற்கவில்லை. அவர்கள் துளைகளிலும் டிடிஎஸ் அளந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கு இணங்கியிருக்கிறார்கள். கீழ்ப்புறத்தில் நாட்டுக் கருவேலங்கள் நிற்கும் பகுதியைத் தொடுவதில்லை என்றும் முடிவாகியிருக்கிறது.

மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமை மாதிரி எடுக்கிறேன். கண்மாய், கிணறு, என் ஆழ்துளை, அவர்களுடைய நான்கு துளைகள் என மொத்தம் ஏழு. புட்டி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும், எவ்வளவு நீர் வேண்டும் என்று சொல்லுங்கள்.

பாறைப்படிவம் | பிப்ரவரி 3

ஐம்பது மில்லிலிட்டர் போதும். மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் புட்டியை அதே நீரில் மூன்று முறை அலசிவிட்டு, ததும்பத் ததும்ப நிரப்பி, காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் நீருக்குள்ளேயே வைத்து மூடுங்கள். உள்ளே காற்றிருந்தால் புட்டிக்குள்ளேயே ஆவியாகி முத்திரை மாறிவிடும். ஆழ்துளைகளில் மோட்டாரை ஓடவிட்டுக் குழாயில் தேங்கிய நீர் போன பிறகு வாளியில் பிடித்து, அந்த வாளிக்குள் புட்டியை அமிழ்த்தி மூடுங்கள். ஒவ்வொன்றிலும் இடமும் நேரமும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். மை நீரில் அழிந்துவிடும்.

மேலூர் ஒருபோகம் | பிப்ரவரி 4

பத்துப் புட்டிகள் வாங்கிவிட்டேன். மிஞ்சும் மூன்றில் ஒன்றைக் கரிசல்காடு தம்பியின் ஆழ்துளைக்கும் ஒன்றை அவர் திறந்த கிணற்றுக்கும் அனுப்பிவைக்கிறேன். கம்பை மறுபடி ஊன்றி, எருமை உரசாதபடி சுற்றிலும் முள் அடைத்திருக்கிறோம். பேரன் ஊருக்குப் போய்விட்டதால் இன்று காலை ஏழு மணி அளவை நானே பார்த்து எழுதினேன்.

பாறைப்படிவம் | பிப்ரவரி 4

கரிசல்காடு, உங்கள் இரண்டு புட்டிகளையும் அதே ஞாயிற்றுக்கிழமை பிடியுங்கள். ஃபுளோரைடுக்கு மட்டும் தனியாக அரை லிட்டர் வேண்டும், அதைக் கண்ணாடிப் புட்டியில் பிடிக்காமல் பிளாஸ்டிக் புட்டியிலேயே பிடியுங்கள்.